மூச்சு எண்ணிய தாத்தா

வத்திராயிருப்பில் பிறந்த ஆம்பளைக்கு ஊர் வைத்திருக்கும் பரீட்சை சதுரகிரி மலை. தாணிப்பாறையில் தொடங்கி சுந்தர மகாலிங்கம் சன்னிதி வரை ஏறி இறங்கிவிட்டு, "சும்மா காலாற நடந்துட்டு வந்தேன்" என்று டீக்கடையில் சொல்ல வேண்டும். சொல்லும் பகுதி எனக்கு நன்றாக வரும். ஏறும் பகுதிதான் வழியிலுள்ள வழுக்குப்பாறையோடு நின்றுவிடும். ஆடி அமாவாசைக் கூட்டத்தில் தலையில் மூட்டையும் இடுப்பில் பேத்தியுமாகப் போன ஒரு பாட்டி, என்னைப் பார்த்து நின்று, "முடியலைன்னா உக்காருப்பா, சாமி கோவிச்சுக்காது" என்றார். சாமி கோபித்துக்கொள்ளவில்லைதான். மலைமேல் விபூதி என்று நான் கொண்டுபோய்க் கொடுத்த பொட்டலத்தில் அடிவாரக் கடையின் பெயர் அச்சாகியிருந்ததைப் பார்த்துக் கோபித்துக்கொண்டவள் என் வீட்டுக்காரி.

அன்றைக்கு நான் சொன்ன சமாதானம்: "மேல போகப் போக ஆக்ஸிஜன் கம்மி. என் உடம்பு அதை டக்குனு கண்டுபிடிச்சிருது." இந்த வாக்கியத்தின் முதல் பாதியில் கொஞ்சம் உண்மை உண்டு. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகக் குறையும். ஆக்ஸிஜனின் அழுத்தமும் அதே விகிதத்தில் இறங்கும். அந்த அளவு குறைவை ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் சட்டை செய்யாது. ஏறக்குறைய முழுச் சுமையோடுதான் ஓடிக்கொண்டிருக்கும். தமனி ரத்தத்தில் ஆக்ஸிஜன் அழுத்தம் சாதாரணமாக 90 முதல் 100 மில்லிமீட்டர் பாதரசம். அது 60-க்குக் கீழே வந்தால்தான் உடம்பின் எச்சரிக்கை மணி பலமாக அடிக்கும். வழுக்குப்பாறையில் ஆரோக்கியமான எந்த மனிதனுக்கும் அது அடிக்காது. எனக்கு அடித்தது தொப்பையும் சிகரெட்டும்.

அந்த மணி இருக்கும் இடம் கழுத்து. தாடைக்குக் கீழே நாடி பார்க்கும் இடத்தில், மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோடிட் தமனி இரண்டாகப் பிரிகிறது. அந்தக் கவட்டில் பக்கத்துக்கு ஒன்றாக, அரிசி அளவில் இரண்டு சதைத்துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கரோடிட் பாடி என்று பெயர். மாட்ரிட்டில் ஃபெர்னாந்தோ தெ காஸ்ட்ரோ 1920-களில் இதன் நரம்புகளை நுண்ணோக்கியில் பார்த்து, ரத்தத்தை ருசி பார்க்கும் உறுப்பாக இருக்க வேண்டும் என்று சொன்னார். பெல்ஜியத்தின் கென்ட் நகரில் கார்னீல் ஹேமன்ஸ் அதைச் சோதனையில் காட்டினார். 1938-ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்குப் போனது. அந்த அரிசிக்குள் இருக்கும் செல்கள், ஆக்ஸிஜன் குறைந்ததும் தங்கள் சுவரிலுள்ள பொட்டாசியம் வாசல்களை மூடிக்கொள்கின்றன. அதனால் கால்சியம் உள்ளே பாய்கிறது. நரம்புக்குச் செய்தி போகிறது. மூளைத்தண்டு மூச்சைக் கூட்டுகிறது. யோசித்து முடிவெடுக்க நமக்கு அங்கே வேலையே இல்லை.

இதையெல்லாம் நான் படித்தது மலை ஏற முடியாத குறையைப் படிப்பால் மூடலாம் என்ற நப்பாசையில். படித்ததில் எனக்குப் பிடித்தவர் சுகமய் லாஹிரி என்ற வங்காளி. 1960-61-இல் எட்மண்ட் ஹிலாரி தலைமையில் எவரெஸ்ட் அருகே ஏறத்தாழ 5,800 மீட்டர் உயரத்தில் ஒரு வெள்ளிநிறக் கொட்டகை போட்டு, குளிர்காலம் முழுக்க உடலியல் ஆராய்ச்சி செய்தார்கள். அந்தக் குழுவில் இருந்தவர் அவர். ஆக்ஸிஜன் குறைந்தால் நம் அளவுக்கு ஷெர்ப்பாக்கள் மூச்சைத் துரிதப்படுத்துவதில்லை என்று அவரும் ஜேம்ஸ் மில்லெட்ஜும் பிறகு எழுதினார்கள். பிறந்ததிலிருந்து உயரத்தில் வாழ்வதால் அவர்களின் கழுத்து மணி மெல்ல மங்கிப்போயிருந்தது. உடனே டீக்கடையில் அறிவித்தேன்: "என் கழுத்துலயும் அது மங்கியிருக்கும்." மச்சினன் சொன்னான்: "மங்கினவன்தான் மாமா மூச்சு வாங்காம மேல போறான். நீங்க கீழயே வாங்குறீங்களே."

இந்த லட்சணத்தில் எனக்குப் பேரன் பிறந்தான்.

தலைப்பிரசவத்துக்கு மகள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து சில நாள் வரை எல்லாம் சுகம். வீட்டில் மூன்று தலைமுறைப் பெண்கள் இருக்க, குழந்தையைப் பார்த்துக்கொள்ள என்னை யாரும் கேட்கவில்லை. ஆனால் நான் கூட்டுறவு சங்கத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன். எண்ணாமல் இருக்க வராது. ஒரு ராத்திரி எல்லோரும் தூங்க, தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பேரனின் மூச்சை எண்ண ஆரம்பித்தேன். வேகமாகச் சில மூச்சு. பிறகு நின்றுவிட்டது. வயிறு அசையவில்லை. நான் ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். எட்டு வரை போனதும் ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி மூச்சு விட்டான். கொஞ்ச நேரத்தில் மறுபடி நிறுத்தினான்.

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் பீரோவில் இருந்தது. பெரியவர்கள் விரலுக்கான அந்தக் கிளிப்பைப் பேரனின் கால் கட்டைவிரலில் மாட்டினேன். கட்டைவிரல் அதற்குள் எங்கேயோ தொலைந்துபோனது. திரை 74 என்றது, 88 என்றது, பிறகு கோடு காட்டியது. நான் கூப்பாடு போட்டேன். கூப்பாட்டில் பேரன் முழித்து, ஆரோக்கியமான நுரையீரல் உள்ள ஒரு குழந்தை எப்படி அழுமோ அப்படி அழுதான். அந்த ஆதாரத்தை நான் ஏற்கவில்லை. பக்கத்து வீட்டுக் காரை எழுப்பி, அதன் சொந்தக்காரரையும் எழுப்பி, கிருஷ்ணன்கோவில் வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். மகள் வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. என் அம்மா மட்டும், "இவன் பொறந்தப்பவும் இப்படித்தான் எல்லாரையும் தூங்க விடலை" என்றார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா குழந்தையின் பாதத்தில் சின்னப் பட்டி ஒன்றைச் சுற்றினார். 97. பச்சைக்குழந்தை மூச்சு விட்டு விட்டுத்தான் வரும், ஐந்து பத்து விநாடி நிறுத்துவது வழக்கம்தான் என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஐயா, அவன் நிறுத்தினப்ப நீங்க எப்படி எண்ணினீங்க?"

"அவன் கூடவே மூச்சைப் பிடிச்சுக்கிட்டு எண்ணினேன் தாயி."

"அதான். குழந்தை முகம் நல்லாத்தான் இருக்கு. உங்க முகம்தான் வெளிறிக் கெடக்கு. இப்படி உக்காருங்க."

அவமானம் ஒரு நல்ல வாத்தியார். அடுத்த சில வாரம் பேரனின் கழுத்துக்குள் என்ன நடக்கிறது என்று தேடிப் படித்தேன்.

தாயின் வயிற்றில் இருக்கும் குழந்தையின் தமனி ரத்தத்தில் ஆக்ஸிஜன் அழுத்தம் 25 மில்லிமீட்டர் அளவுதான். இந்த 25 எவ்வளவு குறைவு என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 2007-இல் பிரிட்டிஷ் மருத்துவக் குழு ஒன்று எவரெஸ்ட் உச்சிக்குப் போய் இறங்கும்போது, 8,400 மீட்டரில் நான்கு பேர் தங்கள் தொடைத் தமனியிலிருந்து ரத்தம் எடுத்துக்கொண்டார்கள். சராசரி 24.6. ஜோசப் பார்க்ராஃப்ட் என்ற உடலியலாளர் கருப்பையை எவரெஸ்ட்டோடு ஒப்பிட்டது அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே. என் பேரன் பத்து மாதம் எவரெஸ்ட்டில் குடியிருந்துவிட்டு வந்திருக்கிறான். அவனுடைய தாத்தா வழுக்குப்பாறையில் உட்கார்ந்து சோடா குடித்தவன்.

அவ்வளவு குறைவான ஆக்ஸிஜனில் குழந்தை எப்படிச் சௌக்கியமாக இருக்கிறது? அதன் ஹீமோகுளோபின் வேறு வகை. குறைந்த அழுத்தத்திலும் ஆக்ஸிஜனை இறுக்கிப் பிடிக்கும். கரோடிட் பாடியும் அந்த 25-ஐத்தான் இயல்பு என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. அதில் மெல்லத்தான் அடித்துக்கொண்டிருக்கும், அதற்கும் கீழே போனால்தான் பலமாகச் சத்தம் போடும். பிறந்து முதல் மூச்சு எடுத்ததும் நிலைமை தலைகீழ். முதல் நிமிடத்தில் குழந்தையின் ஆக்ஸிஜன் செறிவு 60-65 சதவீதம்தான் இருக்கும். பத்து நிமிடத்தில் 90-ஐ ஒட்டி வந்துவிடும். ரத்தத்தில் அழுத்தம் சில நிமிடங்களில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறுகிறது. கழுத்து மணிக்கு இது ராஜபோகம். அது அடிப்பதை நிறுத்திவிடுகிறது.

ஆக்ஸ்ஃபோர்டில் ஜெஃப்ரி டாஸ், மார்க் ஹான்சன் முதலியோர் அடங்கிய குழு 1984-இல் இதை ஆட்டுக்குட்டிகளில் அளந்து வெளியிட்டது. கருவிலிருக்கும் குட்டியின் கரோடிட் நரம்பு தானாகவே துடிக்கும், பிறந்ததும் அமைதியாகும், அடுத்து வரும் நாட்களில் மெல்ல மெல்ல அதன் அளவுகோல் மேலே நகரும். எந்த 25 நேற்று இயல்பாக இருந்ததோ, அது இனி ஆபத்து என்று கற்றுக்கொள்ளும். சம்பளம் கூடியதும் பழைய சம்பளத்தில் எப்படிப் பிழைத்தோம் என்று மனுசன் திகைப்பதில்லையா, அப்படி. இந்த மாற்றத்தைத் தூண்டுவது வயதைவிட, ஏறிய ஆக்ஸிஜன்தான். கருவிலேயே குட்டிக்கு ஆக்ஸிஜனைக் கூட்டிக் கொடுத்தால் அளவுகோல் அங்கேயே நகர ஆரம்பிக்கிறது. பிறந்த பிறகும் குறைந்த ஆக்ஸிஜனில் வைத்து வளர்த்த எலிக்குட்டிகளில் அது தாமதமாகிறது. செல்லுக்குள்ளேயும் இதே கதை: பிறந்த புதிதில் எலிக்குட்டியின் கரோடிட் செல், ஆக்ஸிஜன் குறைந்தால் கொஞ்சமாகத்தான் கால்சியத்தை உள்ளே விடுகிறது. இரண்டு மூன்று வாரத்தில் பெரியவர்கள் அளவுக்குப் பதில் சொல்கிறது.

மனிதக் குழந்தையிலும் இந்த நகர்வு முதல் நாட்களிலேயே தொடங்கி வாரக்கணக்கில் தொடர்கிறது. நடுவே உள்ள காலம்தான் கவனிக்க வேண்டியது. பெரியவர்களுக்கு ஆக்ஸிஜன் குறைந்தால் மூச்சு கூடி, கூடியபடியே நிற்கும். பச்சைக்குழந்தைக்கு ஓரிரு நிமிடம் கூடிவிட்டுப் பிறகு தணிந்துவிடும். உதவி கேட்டுக் கத்த ஆரம்பித்து, பாதியில் தூங்கிப்போகிற மாதிரி. நான் எண்ணிய விட்டு விட்டு வரும் மூச்சுக்கும் இந்த மணிக்கும் தொடர்பு உண்டு. பிறந்த முதல் இரண்டு நாள் அது அரிது. கரோடிட் பாடி மறுபடி விழித்து வேலை செய்யப் பழகும்போதுதான் கூடுகிறது. சற்றே அதிகமாக மூச்சை முடுக்கிவிடும், கார்பன் டை ஆக்சைடு குறைந்துபோகும், மூளை மூச்சை நிறுத்தும், ஆக்ஸிஜன் இறங்கும், மறுபடி முடுக்கும். ஆறு மாதத்துக்குள் இது பெரும்பாலும் அடங்கிவிடும். அன்றைக்கு ராத்திரி என் பேரன் பாடம் படித்துக்கொண்டிருந்தான். நான் போய்ப் பாடத்தைக் கெடுத்தேன்.

இந்தப் படிப்போடு நான் நின்றிருக்கலாம். படித்தவன் பிரசங்கம் செய்யாமல் இருப்பானா?

எங்கள் பக்கம் பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, தலை துவட்டி, சாம்பிராணி போடுவது வழக்கம். அம்மா தூபக்காலில் கங்கு எடுத்து வந்த வேளையில் நான் குறுக்கே நின்றேன். பிறந்த குழந்தை இருக்கும் அறையில் புகை கூடாது என்றேன். கருவில் நிகோடின் பட்ட ஆட்டுக்குட்டிகள் ஆக்ஸிஜன் குறையும்போது விழிப்பதிலும் மூச்சைக் கூட்டுவதிலும் மந்தமாக இருக்கின்றன என்றேன். காரணம் தெரியாமல் தூக்கத்திலேயே இறந்துபோகும் குழந்தைகளின் வீடுகளில் சிகரெட் புகை ஒரு பெரிய ஆபத்துக் காரணி என்றேன். குழந்தைகளை மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்று பிரிட்டனில் 1991-லும் அமெரிக்காவில் 1994-லும் பிரசாரம் செய்த பிறகு அந்தச் சாவுகள் பாதிக்கு மேல் குறைந்தன என்றேன். சொன்ன அத்தனையும் சரி. அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, என் சட்டைப்பையைப் பார்த்தார். அதில் சிகரெட் பாக்கெட் துருத்திக்கொண்டிருந்தது.

"நான் போடுறது வாரத்துக்கு ஒருக்கா சாம்பிராணி. நீ கொல்லையில நின்னு ஊதிட்டு வந்து, அதே சட்டையோட பிள்ளையைத் தூக்கி நெஞ்சுல சாத்துறியே, அது என்ன தூபம்?"

வீட்டுக்காரி சிரிக்கவில்லை. அதுதான் பலமாக விழுந்தது.

எனக்கு ஒரு கடைசி ஆயுதம் இருந்தது. ஆக்சிமீட்டரை எடுத்து என் விரலில் மாட்டி, எல்லோருக்கும் காட்டினேன். 98. "இத்தனை வருசம் குடிச்சும் 98. புகை என்னை ஒண்ணும் பண்ணலை." இதே வாக்கியத்தை டீக்கடையிலும் சொன்னேன், அங்கே நாலு பேர் தங்கள் விரலையும் நீட்டினார்கள், எல்லோருக்கும் 97, 98. நாங்கள் அதைக் கொண்டாட மறுபடி பற்ற வைத்தோம்.

அந்த 98-ன் யோக்கியதையைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஜப்பானில் டாக்குவோ அயோயாகி 1974-இல் உருவாக்கிய தத்துவப்படி, ஆக்சிமீட்டர் சிவப்பும் அகச்சிவப்புமாக இரண்டு ஒளியை விரலுக்குள் அனுப்பி, ரத்தத்தின் நிறத்தைக் கணிக்கிறது. சிகரெட் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினில் ஆக்ஸிஜனின் இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்காரும்போது, அந்த ரத்தமும் சிவப்பாகவே இருக்கிறது. கருவிக்கு வித்தியாசம் தெரியாது; அதையும் ஆக்ஸிஜன் கணக்கில் சேர்த்துவிடும். என் 98-இல் சில புள்ளிகள் புகையுடையவை. போலிக் கையெழுத்தை ஆயுள் முழுக்கப் பிடித்துக் கொடுத்த கணக்கனுக்கு இது தெரியாமல் போனது.

கழுத்து மணியாவது சத்தம் போட்டிருக்கக் கூடாதா? அதற்கும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கரோடிட் பாடி பார்ப்பது ரத்தத்தில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜனின் அழுத்தத்தை. ஹீமோகுளோபின் எவ்வளவு சுமக்கிறது என்பதை அல்ல. மோனாக்சைடு சுமையைத்தான் திருடுகிறது, அழுத்தத்தைத் தொடுவதில்லை. ரத்தசோகையிலும் அப்படியே. அதனால்தான் மூடிய அறையில் கரியடுப்புப் புகையில் மாட்டிக்கொண்டவர்கள் மூச்சுத் திணறாமலே மயங்கிப்போகிறார்கள். வழுக்குப்பாறையில் நான் வாங்கிய மூச்சுக்குப் பின்னால் இந்தத் திருட்டும் இருந்தது.

குறைமாதக் குழந்தைகளின் கதை இதைவிடக் கனமானது. அவர்கள் மூச்சை 20 விநாடிக்கு மேலேயே நிறுத்திவிடுவார்கள். நிறுத்தும் ஒவ்வொரு முறையும் ஆக்ஸிஜன் இறங்கி ஏறும். சிகாகோவில் கரோடிட் பாடியை ஆராயும் இந்தியரான நந்தூரி பிரபாகரின் குழு, பிறந்த எலிக்குட்டிகளுக்கு இப்படி விட்டு விட்டு ஆக்ஸிஜன் குறைத்துப் பார்த்தது. வளர்ந்து பெரிதான பிறகும் அவற்றின் கழுத்து மணி தேவைக்கு மேல் அடித்தது. அந்தத் தழும்பு மரபணுவின் மேல் ரசாயன முத்திரையாகப் பதிந்திருப்பதை 2012-இல் எழுதினார்கள். ஆரம்ப நாட்களில் கிடைத்த காற்றை இந்த உறுப்பு மறப்பதில்லை. குறைமாதக் குழந்தைகளின் மூச்சைத் தூண்ட டாக்டர்கள் கொடுக்கும் முக்கியமான மருந்து கஃபீன் என்று நான் வீட்டில் சொன்னபோது, அம்மா டம்ளரை ஆற்றிக்கொண்டே, "காப்பியைத்தான சொல்றே? அதைப் படிச்சுத்தான் தெரிஞ்சுக்கணுமா?" என்றார். தீவிர சிகிச்சைப் பிரிவில் எடைபார்த்து அளந்து கொடுக்கும் மருந்து அது, நம் டபரா செட் அல்ல என்று விளக்கினேன். அந்த ஒரு வாதத்தில் மட்டும் எனக்கு வெற்றி.

சாம்பிராணி இப்போது முற்றத்தில் துணிகளுக்கு மட்டும். அம்மா விட்டுக்கொடுத்தார். நான் பேரனைத் தூக்குமுன் குளித்துச் சட்டை மாற்ற வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று எழுத ஆசை, மச்சினன் இந்தப் பத்தியைப் படிப்பான் என்பதால் எழுதவில்லை.

வீட்டில் பச்சைக்குழந்தை இருப்பவர்களுக்கு: மல்லாக்கப் படுக்க வையுங்கள். முகத்தைத் துணி மூட விடாதீர்கள். சிகரெட், கொசுவர்த்தி, சாம்பிராணி எதுவும் அந்த அறைக்குள் வேண்டாம். பெரியவர்களுக்கான கிளிப்பைப் பிள்ளையின் விரலில் மாட்டாதீர்கள். எண்ண வேண்டுமென்றால் குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள், உங்கள் மூச்சை விட்டுக்கொண்டே. நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் போனாலோ, நெஞ்சுக்கூடு உள்ளே இழுத்தாலோ, 20 விநாடி மூச்சு நின்றாலோ, உதடும் நாக்கும் நீலம் பாரித்தாலோ, யாரையும் கேட்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினால் ஊர் உங்களைப் பார்த்துக் கொஞ்ச நாள் சிரிக்கும். சிரிக்கட்டும், அதில் ஒரு நஷ்டமும் இல்லை.